சொத்துப் பதிவேடு யார் கையில்?

(பங்காருபேட்டையில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய வகுப்புக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு, உள்ளாட்சிச் சொத்துகளும் அவற்றின் மேலாண்மைத் திட்டமும் என்பதாகும். இத்தலைப்பைக் கேட்டவுடன், இது அலுவலக எழுத்தர்களும் தணிக்கையாளர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம், போராடும் கட்சிக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். விலைவாசி, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், வகுப்புவாதம் என்று எத்தனையோ பிரச்சனைகள் இருக்கும்போது பதிவேட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்வதுதான் இந்த உரையின் நோக்கம்.

ஒரு நகரத்தின் பொதுச் சொத்து எது, அது எந்த நிலையில் உள்ளது, அதைப் பழுதுபார்ப்பதா, குத்தகைக்கு விடுவதா, விற்பதா என்று முடிவு செய்வது யார் என்பவை அரசியல் அதிகாரத்தைப் பற்றிய கேள்விகள். இதை இந்திய நாட்டின் வேறெந்தப் பகுதி மக்களையும்விடத் தெளிவாகத் தம் வாழ்க்கையில் கண்டவர்கள் இந்தத் தங்கவயல் மக்கள். ஆகவே புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

கம்பெனி கட்டிய நகரம்

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இங்கே நவீன முறையில் சுரங்கம் தோண்டும் வேலை தொடங்கியது. அன்று பௌரிங்பேட்டை என்று ஓர் ஆங்கிலேய ஆணையரின் பெயரைத் தாங்கி நின்ற இந்த ஊரிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894இல் ரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான். பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. மருத்துவமனை வந்தது. பிளேக் நோய் பரவியதன் பின்னணியில் ராபர்ட்சன்பேட்டை திட்டமிட்ட நகரமாக உருவாக்கப்பட்டது. சுகாதாரத்தைக் கவனிக்க சானிட்டரி போர்டு அமைக்கப்பட்டது.

இவையனைத்தும் மக்கள் நலனுக்காக வந்தவை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மனிதனை இறக்கித் தங்கம் எடுக்க வேண்டுமானால் அவனுக்குத் தண்ணீர் வேண்டும், தங்க ஓரிடம் வேண்டும், நோய் வந்தால் மறுநாள் வேலைக்கு அனுப்ப ஒரு மருத்துவர் வேண்டும். தங்கம் எடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவே கட்டப்பட்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளிகள் லைன் வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தபோது, அதிகாரிகளின் பங்களாக்கள் தோட்டங்களோடு நின்றன. ஒரே கம்பெனியின் சொத்துதான் இரண்டும். பராமரிப்பு மட்டும் ஒன்றாக இருக்கவில்லை.

தொழிலாளர்களுக்குக் கிடைத்தவை எவையும் தானமாகக் கிடைத்தவை அல்ல. விரல்ரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் நடைபெற்ற வேலைநிறுத்தமும், 1946 நவம்பர் 4ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த ஆறு தியாகிகளின் குருதியும் அந்தக் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. 1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களைக் கையகப்படுத்தியது. 1962இல் அவை ஒன்றிய அரசின் கைக்குச் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. உரிமையாளர் மாறினாலும் ஒரு விஷயம் மாறவில்லை. வீடு, தெரு, சாக்கடை, மருத்துவமனை, விளையாட்டுத் திடல் எல்லாம் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தன. வாக்களித்த மக்களின் பெயரிலோ அவர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் பெயரிலோ அவை வரவில்லை.

2001 பிப்ரவரி 28

இதன் விளைவு என்ன என்பது 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தெரிந்தது. நலிவுற்ற தொழில்களுக்கான வாரியமான பிஐஎஃப்ஆர் 2000ஆம் ஆண்டில் நிறுவனத்தைக் கலைத்துவிடப் பரிந்துரைத்தது; மறு ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்த இடத்தில் எஞ்சியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வீதிக்கு வந்தனர். இதுவரை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வேறொரு கோணத்திலிருந்து பாருங்கள்.

மூடப்பட்டது ஒரு நிறுவனம். ஆனால் அந்த நிறுவனத்தின் சொத்துப் பட்டியலுக்குள் ஒரு நகரம் இருந்தது. ஏறத்தாழ 12,000 ஏக்கர் நிலமும், அதன் மேலிருந்த வீடுகளும், பள்ளிக் கட்டடங்களும், மருத்துவமனையும், தண்ணீர்க் குழாய்களும், சாலைகளும் அதில் இருந்தன. ஒரு கம்பெனியைக் கலைப்பதற்குச் சட்டத்தில் வழி உண்டு: சொத்தை மதிப்பிடு, விற்பனை செய், கடனை அடை. ஒரு நகரத்தைக் கலைப்பதற்கு எந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது? கலைக்க முடியாத ஒன்றைக் கலைப்புக் கணக்கில் சேர்த்ததுதான் தங்கவயலின் துயரம்.

கணக்கெழுதுபவர் பார்வையில் ஒரு சுரங்கக் கோபுரம் சொத்து. அதன் இரும்புக்கு விலை உண்டு. நிலம் சொத்து. குவிந்து கிடக்கும் கழிவு மண்மேடும் சொத்து. அதில் மிச்சத் தங்கம் உண்டு. ஆனால் தெருச் சாக்கடைக்கு விலை இல்லை. பொதுக் கழிப்பறைக்கு விலை இல்லை. அவற்றுக்குச் செலவு மட்டுமே உண்டு. ஆகவே விற்கக்கூடியவற்றுக்கு ஆளுக்கு ஆள் உரிமை கோரினார்கள்; பராமரிக்க வேண்டியவற்றை ஆளுக்கு ஆள் கைகழுவினார்கள். நகரசபையைக் கேட்டால் இது கம்பெனியின் இடம் என்றது. கம்பெனியைக் கேட்டால் அதுதான் மூடப்பட்டுவிட்டதே!

மூன்று செய்திகளை மட்டும் நினைவூட்டுகிறேன்.

முதலாவது, மருத்துவமனை. சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் தின்ற தலைமுறைகளுக்குச் சிகிச்சையளித்த சுரங்க மருத்துவமனை, சுரங்கத்தோடு சேர்த்து மூடப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் மக்கள் தவித்தபோது, அதே கட்டடத்தைத் துப்புரவு செய்து மீண்டும் திறந்தார்கள். சில வாரங்களில் திறக்க முடிந்த ஒன்றை இருபது ஆண்டுகள் பூட்டி வைத்திருந்ததற்கு யார் பொறுப்பு? எந்தப் பதிவேட்டிலும் அதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது, கழிவுக் குழி. உலர் கழிப்பறைகளை மாற்றியமைக்கும் கடமையை எவரும் ஏற்காத நிலையில், மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமை சட்டத்தில் தடை செய்யப்பட்ட பின்னரும் தங்கவயலில் தொடர்ந்தது. 2011இல் இங்கே குழிக்குள் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பராமரிப்பு என்ற சொல் நமக்கு ஏன் அரசியல் சொல்லாக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, சயனைடு மேடுகள். காற்று வீசும் பருவத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள்ளும் சோற்றுத் தட்டிலும் படிவதை நீங்கள் அறிவீர்கள். மேடுகளில் பசுமை வளர்த்துத் தூசியை அடக்க வேண்டும் என்ற கோரிக்கை எத்தனை ஆண்டுகளாக எழுப்பப்படுகிறது! ஆனால் 2024 ஜூனில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது எதற்கு? 1,003 ஏக்கர் பரப்பில் உள்ள 13 மேடுகளை ஏலத்தில் விட்டுத் தங்கம் எடுப்பதற்கான ஒன்றிய அரசின் முன்மொழிவுக்கு. தூசியாக இருந்தவரை உரிமையாளர் இல்லை. தங்கமாகத் தெரிந்தவுடன் இரண்டு அரசுகளும் கணக்குப் பார்க்கின்றன.

சொத்து மேலாண்மைத் திட்டம் என்றால் என்ன?

இனி, தலைப்புக்கு வருவோம். சொத்து மேலாண்மைத் திட்டம் என்பதை உலக வங்கியும் ஆலோசனை நிறுவனங்களும் பெரிய சொற்களால் விளக்குவார்கள். அதன் உள்ளடக்கம் எளியது. ஒரு நகரசபை ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும். நம்மிடம் என்னென்ன இருக்கிறது? ஒவ்வொன்றும் இன்று எந்த நிலையில் இருக்கிறது? அது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும், அதுவரை ஆண்டுக்கு என்ன செலவாகும்? அது பழுதானால் யார் பாதிக்கப்படுவார், ஆகவே எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? அதற்குப் பணம் எங்கிருந்து வரும், பொறுப்பு யாருக்கு?

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதிய ஞானம் அன்று. நம் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்ற முறை இருந்தது. எந்த மதகை எப்போது திறப்பது, எந்தக் கரையில் கசிவு என்பதை அறிந்த நீர்க்கட்டி தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தார். இந்தக் கோலார் வட்டாரத்தில் அவருக்கு நீருகண்டி என்று பெயர். ஆனால் பழமையைப் போற்றுகிறோம் என்று சொல்லி ஒன்றை மறைத்துவிடக் கூடாது. கரையில் மண் சுமந்தவரும் மதகுக்குள் இறங்கியவரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீர் பாய்ந்த நிலமோ பெரும்பாலும் மற்றவருடையது. பராமரிக்கும் அறிவு உழைப்பவனிடம் இருந்தது, உரிமை அவனிடம் இல்லை. இன்றைய நகரத்திலும் இதே நிலைதான். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது, எந்த வால்வைத் திருப்பினால் எந்தப் பகுதிக்குத் தண்ணீர் வரும் என்பது பல ஊர்களில் வாட்டர்மேனின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவரை நீக்கும் நாளில் நகரசபை ஒரு தொழிலாளியை மட்டும் இழப்பதில்லை. தன் வரைபடத்தையும் இழக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக மட்டுமே இந்த எண்கள். ஒரு பகுதிக்கு 3 கோடி ரூபாயில் குழாய் பதிக்கிறோம். அது 30 ஆண்டு உழைக்கும். 1 கோடி ரூபாயில் மேல்நிலைத் தொட்டி. அது 40 ஆண்டு. 5 லட்சம் ரூபாயில் மோட்டார். அது 10 ஆண்டு. அப்படியானால் குழாய்க்கு ஆண்டுக்கு 10 லட்சம், தொட்டிக்கு 2.5 லட்சம், மோட்டாருக்கு 50 ஆயிரம், ஆக 13 லட்சம் ரூபாய் ஆண்டுதோறும் ஒதுக்கி வைத்தால்தான், காலம் முடியும்போது புதிதாக அமைக்க முடியும். விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இன்னும் கூடும். மின்கட்டணமும் ஊதியமும் அன்றாடப் பழுதும் இதற்கு மேல்.

கர்நாடகத்தில் 2006ஆம் ஆண்டின் கணக்கு மற்றும் நிதிநிலை விதிகளின்படி உள்ளாட்சிகள் இரட்டைப் பதிவுக் கணக்கு எழுத வேண்டும். சொத்துகளின் தேய்மானத்தையும் அதில் காட்ட வேண்டும். காகிதத்தில் தேய்மானம் எழுதப்படுகிறது. ஆனால் அதற்கு ஈடான பணத்தை எடுத்து வைக்க நகரசபைகளிடம் பணம் இல்லை. மேலேயிருந்து வரும் திட்ட நிதியோ பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கு வருகிறது. புதிதாகக் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், ஒப்பந்தம் விடலாம். பழைய குழாயின் கசிவை அடைத்ததற்கு எந்த அமைச்சரும் வந்து நாடா வெட்டியதில்லை. இவ்வாறு, கட்டு, கைவிடு, மீண்டும் கட்டு என்ற சுழற்சி உருவாகிறது. இச்சுழற்சியில் மக்கள் இருமுறை செலுத்துகிறார்கள்: வரியாக ஒருமுறை, தண்ணீர் வராத நாளில் டேங்கர்காரருக்கு இன்னொருமுறை.

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று எழுதியது. பணியை எழுதியவர்கள் பணத்தை எழுதவில்லை. 15ஆவது நிதிக்குழுவோ, தணிக்கை செய்த கணக்கை வெளியிடு, சொத்து வரிக்கு அடிமட்ட விகிதம் நிர்ணயி என்று நிபந்தனை விதித்து மானியம் பரிந்துரைத்தது. கணக்கை வெளியிடச் சொல்வதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் சுரங்கம் மூடி வருமானம் இழந்து, ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு நகரத்திடம், உன் சொந்த வருவாயைப் பெருக்கு என்று சொல்வது எவ்வகை நியாயம்?

பதிவேட்டின் இரண்டு முனைகள்

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. பதிவேடு ஒழுங்காக இருந்தால் அது மக்களுக்கு மட்டும் உதவுமா? விற்க நினைப்பவனுக்கும் முதலில் வேண்டியது பட்டியல்தான். 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்த தேசியப் பணமாக்கல் திட்டம், பொதுச் சொத்துகளைப் பட்டியலிட்டு, நான்காண்டுகளில் 6 லட்சம் கோடி ரூபாய் திரட்டப்போவதாகச் சொன்னது. நம் கண்ணெதிரில் பெமல் நிறுவனத்தில் என்ன நடந்தது? பங்கு விற்பனைக்கு வழி செய்யும் பொருட்டு, அதன் உபரி நிலங்களும் சொத்துகளும் பிரிக்கப்பட்டு பெமல் லேண்ட் அசெட்ஸ் என்ற தனி நிறுவனமே உருவாக்கப்பட்டது. நிலம் ஒருபக்கம், உழைப்பு மறுபக்கம். இதுவும் சொத்து மேலாண்மை என்றே அழைக்கப்படுகிறது.

தண்ணீரிலும் இதைக் கண்டோம். நம் மாநிலத்தில் ஹூப்ளி-தார்வாட், பெல்காம், குல்பர்கா நகரங்களின் சில பகுதிகளில் உலக வங்கிக் கடனைக் கொண்டு 24 மணி நேரக் குடிநீர் மாதிரித் திட்டம் நடைபெற்றது. இயக்கும் பணி வியோலியா என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் தரப்பட்டது. அப்பகுதிகளில் தண்ணீர் சீராக வந்தது உண்மை. அதை மறுத்துப் பேசினால் மக்கள் நம்மை நம்ப மாட்டார்கள். ஆனால் ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். பழைய குழாய்களை அகற்றிப் புதிய குழாய்கள் பதிக்கப்பட்டன. அந்தச் செலவு பொதுக் கடனிலிருந்து வந்தது. முதலீடு மக்களுடையது, நற்பெயர் தனியாருடையது. அதே பணத்தையும் பயிற்சியையும் அரசின் குடிநீர் வாரியத்துக்கே கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற சோதனை செய்யப்படவே இல்லை.

பாரிஸ் நகரம் அதே வியோலியா உள்ளிட்ட இரு நிறுவனங்களிடம் 1985 முதல் குடிநீர் வழங்கலை ஒப்படைத்திருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் 2010இல் நகராட்சியே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு கட்டணத்தை 8 சதவீதம் குறைக்கவும் முடிந்தது. அந்த மாற்றத்தில் பெருஞ்சிரமமாக இருந்தவற்றுள் ஒன்று, கால் நூற்றாண்டு தனியாரிடம் இருந்த கணக்குகளையும் கணினித் தகவல்களையும் மீட்டெடுப்பது. குழாய் நகரத்துக்குச் சொந்தமாக இருந்தும், குழாயைப் பற்றிய அறிவு வேறொருவருக்குச் சொந்தமாகியிருந்தது.

கேரளம் வேறு பாதையைக் காட்டியது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமிடலின் தொடர்ச்சியாக அங்கே ஊராட்சிகளும் நகராட்சிகளும் சொத்துப் பதிவேடு பராமரிக்கின்றன. அதைவிட முக்கியமானது, வளர்ச்சி நிதி வேறு, பராமரிப்பு நிதி வேறு என்று மாநில அரசு பிரித்தே தருகிறது. பராமரிப்பு நிதியிலும் சாலைகளுக்குத் தனி, கட்டடம் முதலான மற்றச் சொத்துகளுக்குத் தனி. பழையதைப் பேணுவதற்கென்று பணம் தனியே வரும்போதுதான் பதிவேட்டுக்கு உயிர் வருகிறது. அங்கும் குறைகள் உண்டு. நிதி நெருக்கடியும் ஒன்றிய அரசின் பாரபட்சமும் அதைப் பாதிக்கின்றன. எனினும் கொள்கையளவில் இது நாம் கர்நாடகத்தில் கோர வேண்டிய ஒன்று.

ஆகவே, பதிவேடு ஆபத்தானது என்று அதை எதிர்ப்பது நம் வேலையன்று. பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் பதிவேடுதான் தரகனுக்கு உதவும். வார்டு மக்களின் முன்னிலையில் சுவரில் ஒட்டப்பட்ட பதிவேடு அவனுக்கு உதவாது.

இன்னொன்றையும் மனம் திறந்து பேச வேண்டும். பல நகரங்களில் நகராட்சிக் கடைகள் பழைய வாடகைக்குச் சிலர் பெயரில் இருக்கின்றன. உண்மையில் கடை நடத்தும் சிறு வியாபாரி அவர்களுக்குப் பன்மடங்கு உள்வாடகை தருகிறார். நகரசபைக்கு வருவது சில்லறை, இடையிலுள்ளவருக்குப் போவது கட்டு. வாடகையைத் திருத்த வேண்டும் என்றால் ஏழை வியாபாரிகளின் பெயரைச் சொல்லி எதிர்ப்புக் கிளப்புவது அந்த இடைத்தரகர்தாம். நாம் ஏமாந்துவிடக் கூடாது. கடை நடத்துபவருக்கே நேரடியாக நியாயமான வாடகைக்குக் கொடு, உள்வாடகையை ஒழி, 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நடைபாதை வியாபாரிகளுக்கு இடம் வரையறு என்பதே நம் நிலையாக இருக்க வேண்டும். பொதுச் சொத்தைக் காப்பது என்றால், அதைத் தனிச் சொத்தாக அனுபவிப்போரைக் காப்பது என்று பொருளில்லை.

நமது கோரிக்கைகள்

இவற்றிலிருந்து தங்கவயலுக்கும் பங்காருபேட்டைக்குமான கோரிக்கைகள் தெளிவாகின்றன.

முதலாவதாக, வீடு. தலைமுறை தலைமுறையாக வசிக்கும் முன்னாள் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த வீடும் அடிமனையும் உரிமையாக வேண்டும். பத்திரத்தில் பெண்களின் பெயரும் இடம்பெற வேண்டும். உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பின்னரும், எந்த முதலீட்டாளர் வருவார், எப்போது வருவார் என்ற நிச்சயமின்மையில் மக்களை வைத்திருப்பதை ஏற்க முடியாது.

இரண்டாவதாக, சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய், பள்ளி, மருத்துவமனை, சுடுகாடு, கல்லறைத் தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகிய பொதுப் பயன்பாட்டு இடங்களை விற்பனைக் கணக்கிலிருந்து நீக்கி, விலையின்றி நகரசபைக்கு மாற்ற வேண்டும். வெறும் மாற்றம் போதாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பராமரிப்பில்லாமல் சிதைந்தவற்றை அப்படியே கொடுப்பது, கடனைக் கொடுப்பதற்குச் சமம். அவற்றைச் சீரமைக்கும் நிதியையும் ஒன்றிய அரசு சேர்த்துத் தர வேண்டும்.

மூன்றாவதாக, மேடுகள் ஏலம் போகுமானால், அதற்கு முன்பே தூசிக் கட்டுப்பாடும், நிலத்தடி நீர்ச் சோதனையும், நுரையீரல் நோயாளிகளுக்கான சிகிச்சையும் நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். 2015ஆம் ஆண்டின் கனிமச் சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம நிதியத்தை உருவாக்கியது. அந்த நிதியில் குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் முன்னுரிமைப் பணிகள். இந்த மண்ணிலிருந்து அந்த நிதிக்குச் சேரும் பணம் இந்த மண்ணிலேயே செலவாக வேண்டும். உள்ளூர் வேலைவாய்ப்பும் எழுத்தில் வேண்டும்.

நான்காவதாக, பங்காருபேட்டை. மார்க்கண்டேய ஆற்றின் குறுக்கே எரகோள் அணை 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. கோலார், மாலூர், பங்காருபேட்டை நகரங்களுக்கு அதன் நீர் உரியது. ஆழ்துளைக் கிணறும் டேங்கரும் என்று தவித்த வட்டாரத்துக்கு இது பெரிய மாற்றம். ஆனால் அணையில் நீர் இருப்பதும் கடைசித் தெருக் குழாயில் நீர் வருவதும் இருவேறு விஷயங்கள். ஊருக்குள் இருக்கும் குழாய்களின் வயதும் கசிவும் எவ்வளவு என்ற கணக்கைப் புரசபை மக்கள் முன் வைக்க வேண்டும். உயரமான பகுதிகளும் தலித் குடியிருப்புகளும் கடைசியில் நிற்கும் முறை மாற வேண்டும்.

ஐந்தாவதாக, தண்ணீர் திறப்போரும் துப்புரவுப் பணியாளர்களும். குப்பை வண்டிக்குப் பராமரிப்புச் செலவு எழுதும் நிர்வாகம், அந்த வண்டியோடு நடப்பவரின் உடல்நலத்துக்கு என்ன எழுதுகிறது? பணி நிரந்தரமும் பாதுகாப்புக் கருவிகளும் சொத்து மேலாண்மைத் திட்டத்தின் உட்பகுதியாக வேண்டும். மனிதன் இறங்க வேண்டிய அவசியமில்லாத கழிவகற்று அமைப்பே சரியான அமைப்பு; மற்றதெல்லாம் பழுதான சொத்து.

கிளைகள் செய்ய வேண்டியவை

கோரிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையும் தன் வார்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தெருவிளக்கு, குழாய், சாக்கடை, அங்கன்வாடி, பள்ளி, கழிப்பறை, காலியிடம், நகரசபைக் கடை ஆகிய ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார், பழுது எப்போது சொல்லப்பட்டது, யார் பொறுப்பு என்று எழுதுங்கள். வாலிபர்களும் மாதர் தோழர்களும் சேர்ந்து செய்தால் வேலை எளிது. குழாயடியில் நிற்கும் பெண்களைவிடக் குழாயின் நிலை அறிந்தவர் எவருமில்லை. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களையும் வாட்டர்மேன்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் குழாய் எங்கே புதைந்துள்ளது என்று அவர்கள் காட்டுவார்கள்.

அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்காமலேயே வெளியிட வேண்டிய தகவல்களை வரையறுக்கிறது. நகரசபையின் சொத்துப் பட்டியலையும் குத்தகை விவரத்தையும் வெளியிடக் கோருங்கள். தராவிட்டால் மனுச் செய்யுங்கள். அவர்களின் பட்டியலையும் நம் நோட்டையும் அருகருகே வையுங்கள். அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது கைமாறிப்போன சொத்தாக இருக்கலாம். நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது நாளை கைமாறப்போகும் சொத்தாக இருக்கலாம். இரண்டையும் வார்டுக் கூட்டத்தில் மக்கள் முன் படியுங்கள். நிதிநிலை அறிக்கை தயாராகும் மாதங்களுக்கு முன்பே, எதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்ற பட்டியலோடு நகரசபை வாயிலில் நில்லுங்கள்.

தோழர்களே, 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு அவுன்ஸுக்கும் கணக்கு எழுதப்பட்டது. எடுத்தவரின் வீட்டுக் கூரைக்கும் தெருச் சாக்கடைக்கும் எவரும் கணக்கு எழுதவில்லை. அந்தக் கணக்கை எழுதத் தொடங்குவது நம் கையில் இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோழரும் தன் தெருவின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.